சகலையின் கார் எண்ணெய் குடிக்கவில்லை

கோவிட் அடங்கி, கடைகளில் மறுபடியும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அறிவித்த சமயம் அது. நாங்கள் கிள்ளானில் இருக்கிறோம். வீட்டில் தோசை மாவு அரைத்து, தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் உள்ள சில சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அரைப்பது என் மனைவி, ஓட்டிக்கொண்டு போவது நான். பேச்சு எனக்கு அவ்வளவாக வராது. மாவு வாளிகளைக் கடையின் பின்வாசலில் இறக்கி வைப்பேன், தலையை ஆட்டுவேன், வந்துவிடுவேன்.

எனக்கும் சேர்த்துப் பேசுகிற ஆள் ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் மனைவியின் அக்காவைக் கட்டியவர், என் சகலை. தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமியாருக்கு முகம் மலர்ந்துவிடும். நான் போனால் "வாங்க" என்பார், அத்தோடு சரி. கல்யாண வீட்டில் அவருக்குப் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி நடக்கும். என் பக்கத்து நாற்காலியில் யாருடைய கைப்பையாவது இருக்கும்.

எனக்கு அவர் மேல் பொறாமை. எழுதும்போது கை கூசத்தான் செய்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டுச் சொன்னால் இதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

எங்கள் இருவருடைய காரும் ஒரே மாடல், ஒரே ஆண்டு. நிறம் மட்டும் வேறு. அவர் வாங்கியதைப் பார்த்துத்தான் நான் வாங்கினேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். உண்மையும் அதுதான். ஒருநாள் அவருடைய கார் நெடுஞ்சாலையில் சூடாகி நின்றுவிட்டது. இஞ்சினை முழுதாகப் பிரித்து ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்றார் பண்டமாரானில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் போர்மன் (மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). என் காரும் அப்போது வலுவிழந்து, கொஞ்சம் ஏற்றத்துக்கே திணறிக்கொண்டிருந்தது. அவர் செய்கிறார் என்றதும் நானும் செய்துவிடலாம் என்று அதே ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். கார்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பிரிந்து கிடந்தன.

வேலை முடிந்ததும் சகலை தன் இஞ்சின் ஸ்டார்ட் ஆகும் வீடியோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மாமியார் முதற்கொண்டு எல்லாரும் இதயம் போட்டார்கள். மறுநாள் நானும் போட்டேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது. போட்டது என் மனைவி. அவள் அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சாவியைக் கொடுக்கும்போது போர்மன் எங்கள் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொன்னார். "அடிச்சு ஓட்டாதீங்க. ஆனா வண்டிய இழுக்க விடுங்க. ஒரே வேகத்துல போய்க்கிட்டே இருக்காதீங்க. இஞ்சின் எண்ணெய் நான் ஊத்துனது சாதா எண்ணெய்தான். நான் சொல்ற வரைக்கும் அதையே வெச்சுக்குங்க." சகலை ஏதோ ஜோக் அடித்துவிட்டுக் கிளம்பினார். நான் தலையாட்டினேன்.

அன்றைக்கே மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டேன். சகலை முரட்டுத்தனமாக ஓட்டுகிறவர். தினமும் நான்கு சக ஊழியர்களை ஏற்றிக்கொண்டு, தாமதமாகக் கிளம்பி, விரட்டிக்கொண்டு போவார். அந்த இஞ்சின் சீக்கிரமே போய்விடும். அது போகிற அன்று என் கார் புதுசு போல நிற்க வேண்டும். அப்போது மாமியார் வாயால் "சின்ன மாப்பிள்ளையப் பாரு, பொருளை எப்படி வெச்சிருக்காரு" என்று ஒரு வார்த்தை வரவேண்டும்.

எலுமிச்சம்பழம் நசுக்கி, பூஜை போட்டுத்தான் காரை எடுத்தேன். அதற்குப் பிறகு என் கால் ஆக்சிலரேட்டர் மிதியைத் தொட்டதே தவிர அமுக்கியதில்லை. ஃபெடரல் நெடுஞ்சாலையில் இடது ஓரம், ஏதாவது ஒரு லோரிக்குப் பின்னால், போகிற வழியெல்லாம் ஒரே வேகம். காலையில் வாளிகளை ஏற்றி முடிக்கும் வரை இஞ்சினை மெல்ல ஓடவிட்டுச் சூடேற்றுவேன். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது போல வைத்திருந்தேன்.

சில வாரங்களில், இஞ்சினுக்குள் விட்டுப் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் எண்ணெய் அளவு இறங்க ஆரம்பித்தது. முதலில் கொஞ்சம், பிறகு நிறைய. ஊற்ற ஊற்றக் குறைந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் சிக்னலில் நின்று கிளம்பினால் பின்னால் நீலப் புகை. எங்களிடம் அதிக மாவு வாங்கும் கடைக்காரர் ஒருநாள் பின்வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, உங்க மாவுல குறையே இல்ல. ஆனா உங்க வண்டி வந்துட்டுப் போனா சாப்பிடுறவங்க மூக்கப் பொத்துறாங்க. சரி பண்ணிடுங்கண்ணே. இல்லாட்டி நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

அந்தக் கடை போனால் மாவு வியாபாரத்தில் பாதி போய்விடும். காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் ஆபத்துதான். ஒரு வாரம் மாவு வரவில்லை என்றால் அவர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். எனக்குத் தூக்கம் போயிற்று. அந்த நேரத்தில்தான் மனைவி தன் அக்காவிடம் போனில் பேசிவிட்டு வந்து சொன்னாள். "அவங்க வண்டியில ஒரு சொட்டுகூடக் குறையலையாம்ங்க."

ஒரே போர்மன், ஒரே மாதம், ஒரே மாடல். என்னுடையது மட்டும் குடிக்கிறது. புகையை விட அதுதான் எனக்கு எரிந்தது. அவள் சொன்னதையும் நான் நம்பவில்லை.

அடுத்த வாரம் மாமியார் வீட்டில் மாமனாருக்குப் படையல். எல்லாரும் இலையில் உட்கார்ந்த நேரம் பார்த்து, கை கழுவப் போவது போல வெளியே வந்தேன். சகலை காரைப் பூட்டுகிற வழக்கமே இல்லை. உள்ளே கைவிட்டு பானட்டைத் திறந்து, டிப்ஸ்டிக்கை உருவி, என் கைக்குட்டையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். எண்ணெய் மேல் கோடு வரை நின்றது, தேன் போல. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன சகல, என் வண்டிக்குக் காய்ச்சலா?"

கையில் அப்பளத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். "சும்மாண்ணே" என்றேன். டிப்ஸ்டிக்கைத் திரும்பச் சொருக ஓட்டை கிடைக்கவில்லை. அவர் வாங்கிச் சொருகினார். "வாங்க, பாயாசம் முடியப் போவுது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

போர்மனிடம் போனேன். அவர் சாதாரணமாகவே சத்தம் போட்டுப் பேசுகிறவர். "நான் கட்டுன இஞ்சின் எண்ணெய் குடிக்குதா? சான்சே இல்ல லா!" என்றார். முதலில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கச் சொன்னார். காருக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன், காலையில் ஒரு சொட்டு இல்லை. இஞ்சின் மூச்சு விடும் சின்ன வால்வ் ஒன்று அடைத்திருக்கும் என்று அதை மாற்றினார். குறையவில்லை. மேலே வால்வுகளின் ரப்பர் சீல் சரியில்லை என்று அதையும் மாற்றினார். அப்போதும் குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் "இனிமே பாருங்க" என்பார். நானும் பார்ப்பேன். டிப்ஸ்டிக் இறங்கியிருக்கும்.

நான்காவது முறை போனபோது மனைவியும் காரில் இருந்தாள். இருவரும் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிற வழி. போர்மன் சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அழுத்தம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் குறைவாகக் காட்டியது. பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி வைத்தார். முள் ஏறியது. அவர் முகம் இறங்கியது.

"ரிங்தாண்ணே. பிஸ்டனச் சுத்தி இருக்கே வளையம், அது சுவத்தோட ஒட்டி நிக்கல. அந்தச் சந்து வழியா எண்ணெய் மேல ஏறி எரியுது. திரும்பத் திறக்கணும்."

எனக்குள் அத்தனை நாள் ஊறிக்கொண்டிருந்தது அப்போது வெளியே வந்தது. ஒர்க்‌ஷாப்பில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "அவருக்கு நல்ல ரிங்காப் பாத்துப் போட்டுட்டு, எனக்கு மிச்சத்தப் போட்டுட்டீங்க. அவர் உங்ககிட்ட சிரிச்சுப் பேசுவாரு. நான் பேச மாட்டேன், அதான?"

போர்மன் கையில் இருந்த துணியை மேசையில் எறிந்தார். "என்னண்ணே பேச்சு இது? ரெண்டு செட்டு, ஒரே கம்பெனி, ஒரே நாள்ல வாங்குனேன். ரெண்டும் இந்த மேசை மேலதான் கிடந்துச்சு. எது யாருக்குன்னு எனக்கே தெரியாது. கைக்கு வந்தத எடுத்து மாட்டுனேன்!" மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டார். "நீங்க எப்படித்தான் ஓட்டுறீங்க?"

"பத்திரமாத்தான்" என்றேன்.

காருக்குள்ளிருந்து மனைவி தலையை நீட்டினாள். "பத்திரமா? சைக்கிள்காரன் முந்திக்கிட்டுப் போறான் போஸ். மாவு பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சேர்றதுக்குள்ள புளிச்சுப் பொங்கிடுது."

போர்மன் சிரிக்கவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி, எண்ணெயை விரலில் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். "இது நான் ஊத்துன மின்யாக் இல்லையே."

கார் வந்த அந்த வாரமே, கடையில் இருந்ததிலேயே உயர்ந்த சிந்தடிக் எண்ணெயை வாங்கி, அவர் ஊற்றியதை வடித்துவிட்டு இதை ஊற்றியிருந்தேன். இதற்கும் பதில் காருக்குள்ளிருந்துதான் வந்தது. "அக்கா வீட்டு மாமா வண்டியில ஊத்துறதவிட ஒசத்தியா ஊத்தணும்னு இவருக்கு ஆசை போஸ்." என்னிடம் ஒருநாளும் கேட்காமல், எல்லாம் தெரிந்துதான் வைத்திருந்திருக்கிறாள்.

போர்மன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் தணிந்துவிட்டது. "அண்ணே, புது ரிங்கும் புதுசாத் தேய்ச்ச சுவரும் ஒண்ணோட ஒண்ணு உரசித்தான் படியணும். இஞ்சின் பாரம் இழுக்கும்போது உள்ள வெடிக்கிற வேகம்தான் ரிங்க வெளிய தள்ளிச் சுவத்தோட ஒட்ட வைக்கும். நீங்க அமுக்கவே இல்ல. அதுல வழுவழுன்னு ஒசத்தி எண்ணெய் வேற. ரிங்கு வழுக்கிக்கிட்டே ஓடி, சுவரு கண்ணாடி மாதிரி ஆயிருச்சு."

"புதுக் கிரைண்டர் கல்லுல முதல்ல கொஞ்சம் அரிசியப் போட்டு அரைச்சுக் கொட்டுவோமே, அந்த மாதிரியா?" என்றாள் மனைவி.

"அதேதாங்கக்கா. இவரு கல்லு தேஞ்சிடுமேன்னு அரிசியே போடாம வெறும் தண்ணிய ஊத்திச் சுத்த விட்டிருக்காரு."

திறப்பதற்கு முன் ஒரே ஒரு வழி முயன்று பார்க்கலாம் என்றார். எண்ணெயை வடித்துவிட்டுச் சாதா எண்ணெய் ஊற்ற வேண்டும். காரில் பாரம் ஏற்றி, கோம்பாக் தாண்டிக் காராக் நெடுஞ்சாலையின் மலை ஏற்றத்தில் கியரைக் குறைத்து அமுக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி அமுக்க வேண்டும். படிந்தால் படியும், இல்லாவிட்டால் திறக்கத்தான் வேண்டும். "ஆனா நீங்க ஓட்டுனா வேலைக்காவாது. உங்க கால் அமுக்காது. உங்க சகலைகிட்ட குடுங்க."

எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். ஒரு நாள் தனியாகக் கோம்பாக் வரை போகவும் செய்தேன். ஏற்றம் ஆரம்பிக்கும் இடத்தில் இஞ்சின் சத்தம் கொஞ்சம் உயர்ந்ததும் கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது. போன வழியே திரும்பிவிட்டேன். அந்த வார இறுதியில் கடைக்காரர் பின்வாசலில் வேறு ஒருவருடைய மாவு வாளி இருந்தது. "சாம்பிள்தாண்ணே" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலையே சகலைக்குப் போன் செய்தேன். அத்தனை வருடத்தில் நானாக அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"சகல! யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார். யாரும் சாகவில்லை என்று புரியவைக்கவே கொஞ்ச நேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நின்றார். பின்சீட்டிலும் டிக்கியிலும் அரிசி, உளுந்து மூட்டைகளை அடுக்கினோம். "இதோட நானும் சேந்தா வண்டி குனிஞ்சிடும்" என்று வயிற்றைத் தட்டினார். என் சீட்டில் ஏறி அதைப் பின்னால் தள்ளினார், கண்ணாடியைத் திருப்பினார். நான் இத்தனை நாள் கிழிக்காமல் வைத்திருந்த பிளாஸ்டிக் உறை அவருக்கு அடியில் முனகியது. என் காரில் நான் முதன்முதலாகப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன்.

கோம்பாக் டோல் தாண்டியதும் மூன்றாவது கியருக்கு இறக்கி, காலை அமுக்கினார். நான் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். இஞ்சின் ஓங்கிக் குரல் கொடுத்தது. பின்னால் புகை மண்டியது. ஒரு வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார். "சோரி போஸ், சோரி!" என்று சகலை கையைக் காட்டிச் சிரித்தார். காலை எடுப்பார், வேகம் இறங்கும், மறுபடி அமுக்குவார். மூட்டைகள் பின்னால் சரிந்தன.

எனக்குப் பயம் இல்லை. உறுத்தியது வேறு ஒன்று. அந்தக் கார் அவருக்கு இழுத்தது. நான் கழுவித் துடைத்து, கதவைக்கூட மெதுவாகச் சாத்தி வைத்திருந்த கார், என்னிடம் ஒருநாளும் காட்டாத பலத்தை, ஏறி உட்கார்ந்த சற்று நேரத்தில் அவருக்குக் காட்டியது. ஏதாவது உடைந்து நின்றுவிடக் கூடாதா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். என் பிழைப்பே அதில்தான் இருக்கிறது, அப்படியும் நினைத்தேன்.

மலை உச்சியில், கெந்திங் செம்பாவில் நிறுத்தினார். ஆளுக்கு ஒரு தே தாரேக் டீ வாங்கிவந்து, காரில் சாய்ந்தபடி குடித்தோம்.

"அன்னைக்குப் படையல் வீட்டுல என் வண்டியில என்னமோ உருவிப் பாத்தீங்களே, அதுக்குப் பேரு என்ன?"

"டிப்ஸ்டிக்ண்ணே."

"ம். அதுவரைக்கும் நான் அத உருவிப் பாத்ததே இல்ல சகல. அது எங்க இருக்குன்னே உங்களப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எண்ணெய் குறையலன்னு உங்க அண்ணி போன்ல சொன்னது எப்படின்னு கேக்குறீங்களா? அவ கேட்டா, நான் பாக்காமலேயே 'எல்லாம் ஓகே'ன்னுட்டேன்."

சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பந்தயத்தில் நான் லோரிக்குப் பின்னால் ஊர்ந்து, ஒசத்தி எண்ணெய் தேடி, ராத்திரியெல்லாம் புரண்டு ஓடியிருக்கிறேன். அவர் ஓடவே இல்லை. பந்தயம் நடக்கிறது என்றே அவருக்குத் தெரியாது.

சாவியை என் கையில் வைத்தார். "இனி நீங்க ஓட்டுங்க. எனக்குக் கால் வலிக்குது." கால்வலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

மறுபக்கம் புக்கிட் திங்கி வரை இறங்கித் திரும்பினோம். ஏற்றம் வந்ததும் என் கால் வழக்கம்போலத் தயங்கியது. "அமுக்குங்க லா சகல! பின்னால இருக்கிறது அரிசி மூட்டை. மாவு வாளி இல்ல, கவிழாது!" என்று கத்தினார். அமுக்கினேன். மிதி தரையைத் தொட்டது. சத்தத்துக்கு உடம்பு கூசினாலும் காலை எடுக்கவில்லை. சுரங்கப்பாதை வாய் தெரிந்தபோது கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். புகை இருந்தது, ஆனால் காலையில் பார்த்த அளவு இல்லை. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மூட்டை ஏற்றிக்கொண்டு நானே போனேன். எண்ணெய் குறைவது கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. முழுதாக நிற்கவில்லை. ஆனால் திறக்கத் தேவையில்லை என்று போர்மன் சொல்லிவிட்டார். என் கையைக் குலுக்கி, "அன்னைக்கு எல்லார் முன்னாலயும் என்ன அசிங்கப்படுத்திட்டீங்கண்ணே" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல, பேசுனீங்களே!" என்று சிரித்தார். கடைக்காரரின் பின்வாசலில் இப்போது எங்கள் வாளி மட்டும்தான் இருக்கிறது.

இதனால் என் பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத ஆசைதான். தீபாவளிக்கு மாமியார் வீட்டில் சகலை இந்தக் கதையை நடித்தே காட்டினார். வேன்காரர் திட்டியது, நான் கைப்பிடியில் தொங்கியது, எல்லாம். "பெரிய மாப்பிள்ளை இல்லாட்டி சின்னவரோட வண்டி என்னாயிருக்கும்" என்றார் மாமியார். எனக்கு உள்ளே பழையபடி சுருக்கென்றது. ஆனால் நான் அவருடைய டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்த சமாசாரத்தை மட்டும் சகலை யாரிடமும் சொல்லவில்லை, இன்றுவரை.

இப்போதும் விடியற்காலையில் வாளிகளை ஏற்றுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்க்கிறேன். எண்ணெய் சற்று இறங்கியிருந்தால், இஞ்சினைச் சந்தேகிப்பதற்கு முன்னால், நேற்று நான் என் பாதையைப் பார்த்து ஓட்டினேனா அல்லது அடுத்தவர் காரைப் பார்த்து ஓட்டினேனா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.